சளி இல்லாத மார்கழி

கடலூரில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டருக்கு வருஷம் பிறப்பது ஜூனில். பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆனதும் எல்.கே.ஜி. பிள்ளைகள் மூக்கொழுக வருவார்கள். அதற்கடுத்த வாரம் அவர்களின் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு அதே அம்மாக்கள் வருவார்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வரும். கார்த்திகை, மார்கழியில் இளைப்புப் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டுவார்கள். மாசிக்கு மேல்தான் எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தப் பஞ்சாங்கம் எனக்குப் பிசகியதில்லை.

2020-ல் பிசகியது. அந்த வருஷம் சளி வரவில்லை. அடுத்த வருஷம் வரக்கூடாத மாதத்தில் வந்தது. 2022-ல் எல்லாமாகச் சேர்ந்து வந்தது. கொரோனாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கொரோனாக் காலத்தில் காணாமல் போய்த் திரும்பி வந்த மற்ற நோய்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் நானும் கொஞ்சம் எழுதிவைக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பாதி சளிதான். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே வருஷத்துக்கு ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது சகஜம். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவார். பெரும்பாலும் அது குழந்தையின் அம்மா. "வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்தினா டாக்டரம்மா, சரியாத் துவட்டல." "வாழைப்பழம் குடுக்காதேன்னு சொன்னேன், கேட்டாத்தானே?" "பனியில தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனா." மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் என் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "இது வைரஸ் பாட்டி, இன்னொரு பிள்ளைகிட்டேயிருந்து வர்றது" என்று நான் சொல்வேன். பாட்டி தலையாட்டுவார். வாசலைத் தாண்டியதும் மருமகளுக்கு மறுபடியும் திட்டு விழும். என் பேச்சுக்குச் சாட்சி எதுவும் கிடையாது. பனிக்கு இருந்தது. மார்கழியில் பனி பெய்தது, மார்கழியில் சளி பிடித்தது.

*

2020 மார்ச் நடுவில் தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். 22-ஆம் தேதி சுய ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. அன்றிரவு டிவியில் பிரதமர் நாட்டுக்கே 21 நாள் ஊரடங்கு என்றார். மறுநாள் காலை மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஆள் நடமாட்டமே இல்லை. அடையாள அட்டையைக் காட்டிக் கிளினிக்குக்குப் போனேன்.

வெயிட்டிங் ஹாலின் நீள பெஞ்சுகளில் ஒன்றுவிட்டு ஒன்று உட்காரும்படி சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டினோம். பொம்மைகளை எடுத்து மூட்டை கட்டினோம். நெபுலைசரையும் நிறுத்தினோம். மருந்தைப் புகையாக அடிக்கும்போது குழந்தை விடுகிற மூச்சும் அறை முழுக்கப் பரவும், கொரோனா இருந்தால் அதுவும் கூடவே பரவும் என்பதால், முடிந்தவரை ஸ்பேசர் குழாயை வைத்துப் பம்ப் அடிக்கும்படி அப்போது அறிவுரை வந்திருந்தது. இளைப்புப் பிள்ளைகள் வந்தால் ஸ்பேசர் போதுமா என்பதுதான் அன்று என் கவலை.

அவர்கள் வரவே இல்லை.

முதல் சில மாதங்களை நான் சாட்சிக்கு எடுக்க மாட்டேன். பஸ் கிடையாது. ஆஸ்பத்திரி வாசல்படி ஏறினாலே கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்கள் மூலமாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று எகிறியபோது அந்தப் பயம் இரட்டிப்பானது. வைத்தியம் வாட்ஸ்அப்பில் நடந்தது. குழந்தையின் தொடைத் தடிப்பைப் படமெடுத்து அனுப்புவார்கள், பேதியைக்கூடப் படமெடுத்து அனுப்புவார்கள். சளி பிடித்தும் வீட்டிலேயே கஷாயம் வைத்துச் சமாளிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள் பஸ் ஓடியது. தடுப்பூசி பாக்கி இருந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு ரூபாய் நாணயத்தை விழுங்கியவன் வந்தான். மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டவள் வந்தாள். வென்னீர் கொட்டிக்கொண்ட பிள்ளை, நாய் கடித்த பிள்ளை, மாடிப்படியில் உருண்ட பிள்ளை என்று வீட்டில் அடைபட்ட குழந்தைகளுக்கு என்னென்ன ஆகுமோ அத்தனையும் வந்தன. பயத்தால் வராமலிருந்தார்கள் என்ற சமாதானம் அத்தோடு முடிந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் வந்தவர்கள் இருமலுக்கு மட்டும் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் எங்கள் சிஸ்டர் நெபுலைசர் அறையைச் சுத்தம் செய்தார். சுவரில் வரிசையாக ஆணி அடித்து பாலிதீன் கவர்கள் மாட்டியிருப்போம். அடிக்கடி வருகிற பிள்ளைகளின் மாஸ்க்கை அவரவர் பேர் எழுதி அதில் போட்டு வைப்பது வழக்கம். மீன் படம் போட்டது, யானைத் தும்பிக்கை வைத்தது என்று ஒவ்வொன்றையும் அடையாளம் தெரியும். ஒவ்வொரு கவரையும் எடுத்துத் தூசி தட்டி, பேரைப் படித்து, "இவனும் வரல மேடம்" என்று சொல்லிக்கொண்டே திரும்ப மாட்டினார். கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்றே இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் போட்டோம்.

பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. "நல்லா இருக்கான் டாக்டர்." "பம்ப்பையே விட்டுட்டோம், நீங்க திட்டுவீங்கன்னுதான் போன் பண்ணல." தாழங்குடாவிலிருந்து ஒரு அப்பா, "இந்த வருஷம் ஒருநாள்கூடத் தூக்கம் கெடல. என்னாத்தால டாக்டர்?" என்று கேட்டார்.

*

நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் மரங்கள் சாய்ந்தன, தெருக்களில் தண்ணீர் நின்றது. வழக்கமான வருஷமாக இருந்தால் புயலுக்குப் பின் இரண்டு வாரம் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மழைநாளில் பிள்ளைகள் ஒரே அறைக்குள் அடைவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், வந்த வைரஸ் எல்லார் மேலும் ஏறும். இந்தத் தடவை அடைவதற்கு வகுப்பறை இல்லை. தெருவில் நின்ற தண்ணீரில் பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டார்கள், நனைந்தார்கள், ஈரத் தலையோடு திரிந்தார்கள். சேற்றுப்புண்ணோடு வந்தார்களே தவிர, சளியோடு வரவில்லை.

பிறகு மார்கழி. பனி வழக்கம்போலவே இறங்கியது. தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற ஒரு பாட்டி பேரனுக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார். "காதுக்குத் துணிகூடக் கட்ட மாட்டேங்கறா இவ. ஆனா பாரு, புள்ளைக்கு ஒண்ணும் ஆகல" என்றார், ஏமாற்றமும் நிம்மதியுமாக. நான் இருபது வருஷமாகத் தேடிய சாட்சி அதுதான். பனி, குளிர், வாழைப்பழம், எண்ணெய்க் குளியல் எல்லாம் அப்படியே இருந்தன. அடுத்த பிள்ளை மட்டும் பக்கத்தில் இல்லை.

புகை குறைந்ததும் காரணமாக இருக்குமோ என்று யோசித்தேன். ஊரடங்கின் தொடக்கத்தில் அது இருந்திருக்கலாம். டிசம்பருக்குள் லாரிகள் ஓடின, சிப்காட் ஓடியது, தீபாவளிக்கு வெடியும் வெடித்தாகிவிட்டது. இளைப்பு மட்டும் திரும்பவில்லை. சிறு பிள்ளைகளின் இளைப்பைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் சளி வைரஸ் என்று படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அந்த வருஷம்தான்.

ராத்திரிகளில் நேரம் நிறைய இருந்தது. மற்ற நாடுகளில் என்ன நடக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். பூமியின் தென்பாதியில் குளிர்காலம் முன்னால் வரும் என்பதால் முதல் செய்தி அங்கிருந்து வந்தது. ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் சேர்த்து 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 83,307 பேரைப் பரிசோதித்ததில் ஃப்ளூ இருந்தது 51 பேருக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில் குழந்தைகளிடம், கைக்குழந்தைகளின் நெஞ்சை அடைக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் 98 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே அந்தக் குளிர்காலத்தில் பள்ளிகள் திறந்துதான் இருந்தன என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லையை மூடியிருந்தார்கள், வெளியிலிருந்து வைரஸ் வரவில்லை, உள்ளே இருந்த கொஞ்சமும் சங்கிலி அறுந்து நின்றுபோனது. ஆக, பள்ளிக்கூடம் மட்டும் சளியை உண்டாக்குவதில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்தால்தான் பள்ளிக்கூடம் அதைப் பரப்பும்.

எல்லா வைரஸும் அடங்கிவிடவில்லை. ரைனோவைரஸ் என்கிற சாதாரணச் சளி வைரஸ் பல நாடுகளில் ஊரடங்கு தளர்ந்த கொஞ்ச நாளிலேயே தலைதூக்கியது. ஃப்ளூ, ஆர்.எஸ்.வி., கொரோனா மூன்றுக்கும் வெளியே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். ரைனோவைரஸுக்கு அந்தப் படலம் இல்லை. சானிடைசருக்கும் எளிதில் அடங்காது, கதவுக் கைப்பிடியிலும் பொம்மையிலும் மணிக்கணக்கில் கிடக்கும். அந்த மார்கழியிலும் எங்காவது ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது உண்டு. அது இந்த வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இஸ்ரேலிலிருந்து வந்த ஆய்வு ஒன்று என்னை அதைவிட யோசிக்க வைத்தது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா அங்கே குழந்தைகளின் மூக்கில் ஏறக்குறைய பழைய அளவிலேயே இருந்தது. ஆனால் நிமோனியா வெகுவாகக் குறைந்திருந்தது. பாக்டீரியா மூக்கில் சும்மா குடியிருக்கிறது, அது நெஞ்சுக்குள் இறங்கப் பெரும்பாலும் ஃப்ளூவோ ஆர்.எஸ்.வி.யோ முதலில் வழிவிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எதிர்வரிசை மெடிக்கல்காரர் அந்த மார்கழியில் என்னிடம் புலம்பினார். ஆன்டிபயாட்டிக் சிரப்பெல்லாம் தேதி முடிந்து திருப்பி அனுப்புகிறாராம். "இத்தனை வருஷம் இவ்வளவும் யாருக்கு டாக்டர் குடுத்துக்கிட்டிருந்தோம்?" என்றார். அவர் கேட்டது வியாபாரக் கவலையில். எங்கள் சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இதையெல்லாம் கொண்டாட மனசு வரவில்லை. அதே மாதங்களில் மூன்று வயதாகியும் நாலு வார்த்தை பேசாத குழந்தைகளைக் கண்டேன். அம்மா, அப்பா, போன் தவிர அவர்கள் வேறு முகம் பார்த்ததில்லை. எடை ஏறிய பிள்ளைகள், சத்துணவு நின்று எடை இறங்கிய பிள்ளைகள், தட்டம்மை ஊசி தள்ளிப்போன பிள்ளைகள் என்று எல்லா வகையும் வந்தார்கள். சளியில்லாத ஒரு வருஷத்துக்குக் குழந்தைகள் கொடுத்த விலை அது. எந்தப் பெற்றோருக்கும் அந்த வியாபாரத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

*

2021 மே மாதத்தைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் இல்லை. மே 10-ல் மறுபடி முழு ஊரடங்கு. என்னிடம் வரும் குழந்தைகளில் சிலர் அந்த மாதத்தில் தாத்தாவை, பாட்டியை, ஓரிருவர் அப்பாவை இழந்தார்கள். ஆக்சிஜன் கிடைக்காத அந்த நாட்களில் நாங்கள் சில டாக்டர்கள் சேர்ந்து கான்சென்ட்ரேட்டர்கள் வாங்கினோம். ஜூலையில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் என் பங்குக்கு வந்த ஒன்றைக் கிளினிக்கின் மூலையில் போர்வை போட்டு மூடிவைத்தேன். பெரியவர்களுக்காக வாங்கியது. அதை முதலில் ஒரு குழந்தைக்கு வைப்பேன் என்று நினைக்கவில்லை.

ஆவணியில் ஒரு ராத்திரி. 2020 பிப்ரவரியில் பிறந்த பையன், ஒன்றரை வயது. அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றிப் பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது, தொண்டைக்குழி குழிந்தது, மூக்குத் துவாரம் விரிந்தது. அழக்கூடத் தெம்பில்லை. மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு 64. இந்த வயதுக்கு 40-ஐத் தாண்டினாலே வேகம் என்று கணக்கு. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 89 என்று காட்டியது. ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு பக்கமும் சன்னமாக விசில் சத்தமும், அதற்கு அடியில் முடியை விரலால் உரசுவதுபோன்ற ஓசையும்.

"கொரோனாவா டாக்டர்?" என்றார் அப்பா. மாமியார் பின்னாலிருந்து ஆரம்பித்தார், "தலைக்கு ஊத்தி ஈரத்தோட விட்டுட்டா..."

அந்தப் பெண் அன்று வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா, இவன் பொறந்ததுலேர்ந்து வாசல் தாண்டல. ஒரு தும்மல் வந்ததில்ல. இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

விசாரித்தேன். போன வாரம் சிதம்பரத்தில் ஒரு முகூர்த்தம். ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. அந்த ஐம்பது பேரும் இவனை முதன்முதலாகப் பார்த்தவர்கள். கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு சித்தப்பாவுக்கு லேசாக மூக்கடைப்பு.

கான்சென்ட்ரேட்டரின் போர்வையை எடுத்து மூக்குக்குழாய் வைத்தோம். 94-க்கு ஏறியதும் 108 வரவழைத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினேன். கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. அங்கே எடுத்த இன்னொரு பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்று வந்தது. நாலைந்து நாளில் பிழைத்து வீட்டுக்கு வந்தான்.

இந்த வைரஸை உலகத்துக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லாரும் இரண்டு வயதுக்குள் சந்தித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷம். குழந்தைக்கு நுரையீரலின் கடைசிக் கிளைகளான மெல்லிய குழாய்கள் வீங்கி, சளி அடைத்து, காற்றுப் போக வழியில்லாமல் ஆகும். குழாய் எவ்வளவு சிறிதோ அவ்வளவு ஆபத்து. அதனால் நாங்கள் பயப்படுவது ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்காக. அந்த ஆவணியிலும் புரட்டாசியிலும் வந்தவர்களில் ஒரு வயதைத் தாண்டியவர்கள் நிறைய. போன மழைக்காலத்தில் சந்தித்திருக்க வேண்டிய வைரஸை இப்போது சந்தித்தார்கள். அவர்களோடு இந்த வருஷம் பிறந்த கைக்குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு வருஷப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் என் பெஞ்சில். மேற்கு ஆஸ்திரேலியாவில் எங்களுக்கு முன்னாலேயே, 2020 கடைசியில், அவர்களுடைய கோடையில் இதேதான் நடந்திருந்தது. அங்கேயும் வந்த பிள்ளைகளின் வயது கூடியிருந்தது. அமெரிக்காவில் 2021 ஜூனில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் பருவம் தப்பி வரும் ஆர்.எஸ்.வி.யைப் பற்றி டாக்டர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. நான் படித்த அந்த வரிகள் எல்லாம் எங்கள் ஊர் முகவரியோடு வந்து சேர்ந்தன.

*

நவம்பர் 1-ல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. அந்த நவம்பர் வரலாறு காணாத மழை. பாதி நாள் மழை விடுமுறை, மீதி நாள் காய்ச்சல் விடுமுறை. ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி மூடினார்கள், பிப்ரவரியில் திறந்தார்கள். 2022 ஜூனில்தான் ஒழுங்கான ஒரு ஜூன் வந்தது. எல்.கே.ஜி.யோடு யூ.கே.ஜி.யும் முதல் வகுப்பும் அந்த வருஷம்தான் உண்மையில் பள்ளிக்கூடம் பார்த்தார்கள். மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கும் முதல் வருஷச் சளி ஒரே சமயத்தில் பிடித்தது.

கேரளத்தில் மே மாதமே தக்காளிக் காய்ச்சல் என்று பேர் வைத்து ஒன்றைப் பற்றிப் பத்திரிகைகள் பரபரத்தன. கை, கால், வாயில் கொப்புளம் வரும் பழைய நோய்தான் அது. எங்கள் ஊரிலும் சுற்றியது. அதை அடுத்து கண் சிவந்து, தொண்டை புண்ணாகி, ஒரு வாரம் இறங்காத காய்ச்சல். அதற்கடுத்து ஃப்ளூ. ஒரு பிள்ளைக்கு ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் இன்னொன்று. "மாசத்துல மூணு தடவை வர்றோம் டாக்டர், ரத்தத்துல ஏதாவது கோளாறா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை.

செப்டம்பர் 17 முதல் 25 வரை புதுச்சேரியில் காய்ச்சலுக்காக ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். எங்களுக்குப் புதுச்சேரி அரைமணி தூரம். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்திருந்தன. "அங்க லீவு, இங்க மட்டும் ஏன் டாக்டர் விடல?" என்று பெற்றோர்கள் கேட்டார்கள். எங்கள் கிளினிக்குக்கு அங்கிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பாகூர்ப் பையனுக்கு விடுமுறை, அவனோடு ஒரே வீட்டில் விளையாடும் கடலூர் மாமா பையனுக்குப் பள்ளிக்கூடம். வைரஸுக்கு மாநில எல்லை எங்கே தெரியும்? 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ நாடு முழுக்கப் பரவியபோதும் புதுச்சேரி அதையே செய்தது. நம் பக்கம் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் போட்டார்கள்.

"வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வச்சு எதிர்ப்புச் சக்தி போயிடுச்சு" என்று அப்போது ஊரே பேசியது. டாக்டர்களிலும் சிலர் அப்படிச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பிள்ளைகளின் உடம்பில் எந்தச் சக்தியும் குறையவில்லை. தடுப்பூசி போட்டால் மற்றவர்களைப் போலவே எதிர்ப்பு வந்தது, வந்த காய்ச்சலிலிருந்து மற்றவர்களைப் போலவே எழுந்தார்கள். மாறியது எண்ணிக்கை. வழக்கமாக ஒரு வருஷத்துப் பிள்ளைகளுக்கு வருவது மூன்று வருஷத்துப் பிள்ளைகளுக்கு ஒரே மழையில் வந்தது. பொத்தி வைத்தது தப்பென்றால், 2020-ல் சளி பிடித்திருக்க வேண்டிய கைக்குழந்தைக்கு அன்றே பிடித்திருக்கலாம் என்றாகும். இரண்டு மாதத்தில் ஆர்.எஸ்.வி. வருவதைவிட இரண்டு வயதில் வருவது அந்தக் குழந்தைக்கு நல்லது. ஒரே சமயத்தில் எல்லாருக்கும் வருவது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கெட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

திரும்பி வராதது ஒன்றும் உண்டு. ஃப்ளூவின் பி வகையில் யமகதா என்று ஒரு கிளை. வருஷாவருஷம் தடுப்பூசியில் அதற்கு ஓர் இடம் ஒதுக்குவார்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கும் அது உறுதியாகத் தென்படவில்லை. 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் அது இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. மனிதர்கள் சில மாதம் தள்ளி நின்றதில் ஒரு வைரஸ் பரம்பரையே அற்றுப்போயிற்று. யாரும் அதற்காகத் தள்ளி நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

*

இப்போது ஜூன் ஜூனாக வருகிறது. பெஞ்சில் டேப் உரிந்த தடம்கூட இல்லை. அந்த மூன்று வருஷமும் கற்றுக்கொடுத்ததில் எதை வைத்துக்கொண்டோம் என்று பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் ஊரில் ஒரு பள்ளி, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் மெடல் கொடுக்கிறது. காலையில் 102 டிகிரி காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுத்து வேனில் ஏற்றுகிறார்கள். பதினொரு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கும். அதற்குள் பக்கத்து பெஞ்சுக்கு அவன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்திருப்பான். அந்த மெடலை நிறுத்தச் சொல்லி எழுதினேன். "மாணவர்களின் ஒழுக்கத்தை ஊக்குவிக்க" என்று பதில் வந்தது. மெடல் தொடர்கிறது.

அப்படி ஏற்றி அனுப்பிய ஒரு அம்மாவைக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன், தெரிந்தே ஏன் அனுப்பினாய் என்று. ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர். "லாக்டவுன்ல நாங்களும் வீட்டுல இருந்தோம் டாக்டர், புள்ளையும் வீட்டுல இருந்துச்சு. இப்ப நான் ஒருநாள் லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் போச்சு. மாசத்துல ரெண்டு தடவை போட்டா வேலையே போச்சு. யாரு பார்த்துக்குவா?" என்றார். அதற்கு என் மருந்துச் சீட்டில் எழுத ஒன்றும் இல்லை.

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. தள்ளி நிற்பது வேலை செய்தது. ஆனால் தள்ளி நிற்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். 2020-ல் அரசாங்கமே எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்தது. அன்றைக்குக் கூலி போய்ப் பட்டினி கிடந்தவர்களும் உண்டு என்பதை மறந்துவிட்டு அதை நல்ல காலம் என்று நான் சொல்ல முடியாது.

ஊரைப் பூட்டாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இருமலோடு போகாதீர்கள், போனாலும் தூக்கி முத்தம் கொடுக்காதீர்கள். வகுப்பறை ஜன்னலை மழைநாளிலும் ஒரு பக்கமாவது திறந்து வையுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ளூ ஊசியை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அரசு அட்டவணையில் அது இல்லாததால் காசு இருப்பவர்கள் மட்டும் போடுகிறார்கள். அதை அட்டவணையில் சேர்க்க வேண்டும். காய்ச்சல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சம்பளத்தோடு சில நாள் விடுப்பு வேண்டும். மெடலை நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும்.

மாமியார்கள் இன்னமும் தலைக்குளியலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நான் இப்போது வைரஸைப் பற்றி வகுப்பெடுப்பதில்லை. "2020 மார்கழியில உங்க பேரனுக்குச் சளி பிடிச்சுதா பாட்டி?" என்று மட்டும் கேட்கிறேன். யோசித்து, இல்லை என்பார்கள். "அந்த வருஷமும் உங்க மருமக தலைக்கு ஊத்தத்தானே செஞ்சா?" என்பேன். பாட்டிக்குப் பதில் இருக்காது. மருமகள் நிமிர்ந்து பார்ப்பாள். அதற்கப்புறம் நான் பேச வேண்டியது பாட்டியிடம் இல்லை, அந்தப் பெண்ணுக்கு லீவு தர மறுக்கிற முதலாளியிடமும் மெடல் கொடுக்கிற பள்ளிக்கூடத்திடமும்தான்.